பலகை பிடித்த கை

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை ஜெகதீஷ் இரண்டாம் முறையாகப் படித்தான்.

'கறுப்புப் பட்டைத் தேர்வு. பெயர்: பிரவீணா. பலகை பிடிப்பவர்: துஷாந்த்.'

மனைவி பிரவீணாவின் கையெழுத்துதான். ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாக எழுதியிருந்தாள். அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. அவர்கள் குடியேறியிருந்த டார்னெய்ட் புறநகரின் காற்று பின்வாசல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. பூஜை அலமாரியில் விளக்கு எரிந்தது. ஹாட்பேக்கில் உப்புமா இருந்தது. பிரவீணா ஆறு மணிக்கே கிளம்பிவிட்டாள். தேர்வுக்கு நிற்பவர்கள்தான் அன்று கூடத்தின் தரையைத் துடைக்க வேண்டும் என்பது மாஸ்டர் ஹானின் டேக்வாண்டோ பள்ளியில் ஒரு வழக்கம்.

அந்தப் பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. கறுப்புப் பட்டைக்கு நிற்பவர் கடைசியாக உடைக்கும் பலகையை வீட்டார் ஒருவர் பிடிப்பார். கட்டாயம் இல்லை, ஆனாலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். சென்ற மே மாதத் தேர்வில் பிரவீணாவுக்குப் பலகை பிடித்தவன் ஜெகதீஷ். மூன்று முறை அடித்தாள். மூன்று முறையும் பலகை உடையவில்லை. ஐந்து வருட உழைப்பு அந்த ஒரு பைன் பலகையில் முட்டி நின்றுபோனது.

இன்று மறுதேர்வு. வெர்ரிபியில் அவள் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் வரும் ஜனவரியிலிருந்து அவளுக்கு மாலை ஷிப்ட். பயிற்சி வகுப்புகளும் மாலையில்தான். இன்று தவறினால் இன்னும் ஒரு வருடம் பயிற்சி செய்துவிட்டுத்தான் திரும்ப நிற்க முடியும். அந்த ஒரு வருடம் அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை. வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும். மூன்று பேரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

"அப்பா, இன்னும் சாப்பிடலையா? நைன் தர்ட்டிக்கு ஸ்டார்ட்!"

மாடியிலிருந்து லக்ஷ்மிப்ரியா இறங்கி வந்தாள். பதினாறு வயது. உண்மையில் இந்த வீட்டில் முதலில் வெள்ளைச் சீருடை போட்டவள் அவள்தான். அவளை வகுப்பில் விட வந்து இரண்டு வருடம் பெஞ்சில் காத்திருந்த அம்மாவை, "சும்மா உட்கார்ந்தாலும் களைப்புதானே?" என்று மாஸ்டர் ஹான் ஒருநாள் உள்ளே அழைத்தார். மூன்று வருடத்துக்கு முன் மகள் பச்சைப் பட்டையோடு நின்றுவிட்டாள். காரணம் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். அம்மா மட்டும் தொடர்ந்து போனாள்.

"இதைப் பார்த்தியா?" ஜெகதீஷ் தாளைக் காட்டினான். "புருஷன் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன். கூடப் பயிற்சி பண்ற அந்த துஷாந்த் பேரை எழுதியிருக்கா."

ப்ரியா ஹாட்பேக்கைத் திறந்தாள். உப்புமாவைத் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"அவளுக்குக் கையில பலம் பத்தலன்னா அதுக்கு நான் என்ன பண்றது? நாப்பத்தஞ்சு வயசுல எலும்பு கேக்குமா? ஆள மாத்திட்டா பலகை உடைஞ்சிடுமா?"

"அப்பா, ஸ்டாப்."

"என்ன ஸ்டாப்? நான் உள்ளதத்தான் சொல்றேன்."

ப்ரியா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அம்மா இதைக் காட்டக் கூடாதுன்னு சொன்னாங்க. ஐ ப்ராமிஸ்ட். பட், நீங்க இப்படியே பேசிட்டு இருந்தா என்னால முடியாது."

மே மாதம் அவள் எடுத்த வீடியோ. அடிக்கும் இடத்தில் ஓட்டத்தை மெதுவாக்கினாள்.

திரையில் பிரவீணா கையை உயர்த்தினாள். எதிரே பலகையோடு ஜெகதீஷ். கை இறங்கத் தொடங்கியதும் அவன் முகம் பக்கவாட்டில் திரும்பியது, கண்கள் இறுக மூடின, முழங்கைகள் மடங்கின. அவள் கை வந்து சேர்வதற்குள் பலகை ஒரு சாண் பின்னால் போயிருந்தது.

"செகண்ட் டைம் பாருங்க."

அதேதான்.

"தேர்ட்."

மூன்றாவது முறை காலையே ஓர் எட்டு பின்னால் வைத்திருந்தான்.

"பலகை பின்னால போச்சுன்னா உடையாதுப்பா. அடியோட ஃபோர்ஸ் எல்லாம் அம்மா கைக்கே திரும்பிடும்."

"நான்... அவளுக்கு அடிபடக் கூடாதுன்னுதான்..."

"தெரியும்ப்பா."

ஜெகதீஷ் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் நினைவுக்கு வந்தது தேர்வு அல்ல, தீபாவளி. கிரெய்கிபர்னில் நண்பன் பாஸ்கர் வீட்டில் இருபது பேர் கூடியிருந்தார்கள். "எங்க வீட்டம்மா கராத்தேல பலகையை உடைக்கப் போனாங்க. பலகை அவங்களை உடைச்சு அனுப்பிடுச்சு!" என்று அவன் சொன்னதும் கூடமே சிரித்தது. டேக்வாண்டோ என்று பெயரைக்கூட அவன் சரியாகச் சொல்லவில்லை. பிரவீணா அப்போது வடைத் தட்டோடு நின்றிருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு இன்னொரு வடைங்க?" என்று கேட்டாள்.

அந்தச் சிரிப்பு இப்போது அவன் நெஞ்சில் குத்தியது.

"உங்கம்மா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்களே கேளுங்க," என்றாள் ப்ரியா. "சாப்பிடுங்கப்பா. லேட் ஆகுது."

*

ஹாப்பர்ஸ் கிராஸிங்கில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது அந்தக் கூடம். வெளியே தகரக் கூரை, கார் நிறுத்துமிடம், காற்றில் உருண்டு திரியும் காபிக் கோப்பைகள். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தால் வேறு உலகம். செருப்புகள் எல்லாம் ஒரே திசை பார்த்து அடுக்கியிருக்கும். உள்ளே வருபவர் யாராக இருந்தாலும் வாசலில் நின்று ஒருமுறை தலை வணங்குவார்கள். சீருடையையோ பட்டையையோ சரிசெய்ய வேண்டுமென்றால் எதிரில் இருப்பவருக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று சரிசெய்வார்கள். பட்டையில் மூத்தவருக்கு இளையவர்தான் முதலில் வணங்க வேண்டும். வயது அங்கே கணக்கில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு பிரவீணா இடுப்பு வரை குனிந்து வணங்கியதை முதன்முதலில் பார்த்தபோது ஜெகதீஷுக்கு முகம் சுருங்கியது. "அந்தப் பொண்ணு இந்தப் பாடத்துல எனக்கு முன்னால போனவங்க. கோயில்ல வயசு பாத்தா கும்பிடுறோம்?" என்று அவள் கேட்டாள்.

துஷாந்த் தன் வேனிலிருந்து பலகைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன். பகலில் பார்சல் வேன் ஓட்டுகிறான். பிரவீணாவுக்கு இரண்டு பட்டை இளையவன்.

"அண்ணை, வாங்கோ! அக்கா உள்ளுக்கு நிலம் துடைக்கிறா. நான் உதவிக்குப் போனன், துரத்திப்போட்டா."

ஜெகதீஷ் சுற்றிவளைக்கவில்லை. "துஷாந்த், பலகை எப்படிப் பிடிக்கணும்?"

துஷாந்தின் சிரிப்பு நின்றது. "வீடியோ பாத்திட்டீங்களோ?"

"உனக்கும் தெரியுமா?"

"இங்க எல்லாருக்கும் தெரியும் அண்ணை. ஒருத்தரும் கதைக்கிறேல்ல."

ஒரு பலகையை உருவி ஜெகதீஷின் கையில் கொடுத்தான். "ஒரு காலை முன்னுக்கு வையுங்கோ. முழங்கையை நீட்டிப் பூட்டுங்கோ. உள்ளங்கையின்ர அடிப்பக்கத்தால பலகையைத் தாங்கோணும், விரலால இல்லை. கண்ணை மூடாதேங்கோ. சரியோ?"

"சரி."

"இது என்ன, பிள்ளைக்கு மருந்து குடுக்கிற மாதிரிப் பிடிக்கிறீங்கள்? இறுக்கி!"

துஷாந்த் குரல் எழுப்பிக் கையின் விளிம்பால் அடித்தான். ஜெகதீஷுக்குத் தெரியாமலே அவன் முழங்கைகள் மடங்கிவிட்டன. பலகை உடையவில்லை. துஷாந்த் கையை உதறிக்கொண்டு ஒரு வட்டம் சுற்றி வந்தான்.

"ஐயோ, சாரிப்பா! ரொம்ப வலிக்குதா?"

"கொஞ்சம் நோகுது. பரவாயில்லை." வலியிலும் சிரித்தான். "அக்கா இப்பிடி மூண்டு வாங்கினவ. ரெண்டு கிழமை வீங்கி இருந்தது."

ஜெகதீஷுக்கு அந்த வீக்கம் ஞாபகம் இருந்தது. வேலையில் ஒரு பெரியவரைத் தூக்கிவிடும்போது சுளுக்கிக்கொண்டது என்று சொல்லியிருந்தாள். அவன்தான் தைலம் தேய்த்துவிட்டான். வலிக்கக் காரணமான கையாலேயே தேய்த்துவிட்டிருக்கிறான்.

"இன்னொரு தடவை அடி," என்றான்.

"அண்ணை..."

"இடது கையால அடி. இந்தத் தடவை நகர மாட்டேன்."

நகரவில்லை. இடது கைதான், பாதி பலம்தான். ஆனாலும் பட்டென்று பலகை இரண்டாகப் பிளந்தது. அடித்த கையில் ஒரு சிவப்புகூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்றான் ஜெகதீஷ், கையிலிருந்த இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்து.

"இவ்வளவுதான் அண்ணை. இது வாறதுக்கு எனக்கு எட்டு மாசம் எடுத்தது."

*

தேர்வு இரண்டு மணி நேரம் நடந்தது.

மாஸ்டர் ஹானுக்கு அறுபது வயதுக்கு மேல். குள்ளமான பெண்மணி. மேசைக்குப் பின்னால் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒரு சொல் கொரிய மொழியில் சொன்னால் முப்பது பேர் ஒரே மூச்சில் அசைந்தார்கள். ஜெகதீஷ் அதுவரை இந்தத் தேர்வுகளைப் போனில் செய்தி பார்த்துக்கொண்டே கழித்தவன். இன்று போனை ப்ரியாவிடம் கொடுத்துவிட்டான்.

முதன்முறையாகப் பார்த்தான். காலையில் முழங்கால் வலி என்று மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி ஏறும் அவன் மனைவி, ஒற்றைக் காலில் நின்று மறு காலைத் தோளுயரத்துக்கு நீட்டி, அப்படியே நிறுத்தினாள். வேர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கவில்லை. சண்டைப் பயிற்சியில் எதிரே நின்ற இளைஞன் தடுமாறி விழப்போனான். அவள் அடிக்க ஓங்கிய கையாலேயே அவனைப் பிடித்து நிறுத்தினாள். மாஸ்டர் ஹான் குனிந்து தாளில் ஏதோ எழுதினார்.

இதையெல்லாம் நம் வீட்டில் ஒரு மனுஷி ஐந்து வருடமாகக் கற்றுவந்திருக்கிறாள். நான் காருக்குப் பெட்ரோல் போட்டதோடு சரி என்று ஜெகதீஷ் நினைத்தான்.

கடைசியாகப் பலகை. "துஷாந்த்" என்று பெயர் அழைக்கப்பட்டது.

துஷாந்த் எழுந்து வந்து வணங்கி, பலகையை எடுத்து நீட்டினான். அவன் வலது உள்ளங்கையின் அடிப்பக்கம் விளிம்போடு சேர்ந்து வீங்கியிருந்தது. பலகையைத் தாங்க வேண்டிய இடமே அதுதான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். பலகை நடுங்கியது.

பிரவீணா பார்த்துவிட்டாள்.

"கையில என்ன துஷாந்த்?"

"ஒண்டுமில்லை அக்கா. அடியுங்கோ."

மாஸ்டர் ஹான் எழுந்து வந்தார். அவன் கையைத் திருப்பிப் பார்த்தார். பலகையை வாங்கிக்கொண்டு அவனைப் போய் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். உதவி ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.

அதற்குள் ஜெகதீஷ் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான்.

"அவன் கை வீங்கினது என்னாலதான் பிரவீ," என்றான். கூடம் முழுக்கக் கேட்டது. தமிழ் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "வெளிய வெச்சுக் கத்துக்குடுன்னு கேட்டேன். முதல் தடவை பின்னால இழுத்துட்டேன். மே மாசமும் அப்படித்தான். உன் கையில பலம் இருந்துச்சு. என் கையிலதான் இல்ல. நான் எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டேன்."

பிரவீணா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன் நீ ஒரு வார்த்தை சொல்லல?"

"பலகை பிடிச்சவங்களைக் குறை சொல்ற பழக்கம் இங்க இல்லங்க," என்றாள் மெதுவாக. "உடைஞ்சாலும் உடையாட்டியும் வணக்கம்தான்."

ஆம். அன்று தோற்றுப்போன பிறகும் அவள் அவனைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். ஏதோ ஆறுதலுக்குச் செய்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

"நான் பிடிக்கறேன்னு கேக்க வரல," என்றான் ஜெகதீஷ். "அந்த உதவி ஆசிரியரே பிடிக்கட்டும். நீ தெரிஞ்சுக்கணும்னுதான் சொன்னேன்."

உட்காரப் போனான். அப்போது மாஸ்டர் ஹான் கையிலிருந்த பலகையை பிரவீணாவிடம் நீட்டினார். யார் பிடிப்பது என்பதை அடிக்கப் போகிறவள்தான் சொல்ல வேண்டும்.

பிரவீணா கூடத்துக்கு முதுகு காட்டித் திரும்பி, தன் சிவப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினாள். சீருடையின் கழுத்தைச் சரிசெய்தாள். அதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு திரும்பி வந்து, பெஞ்சின் முன்னால் நின்று, இரண்டு கைகளாலும் பலகையை ஜெகதீஷிடம் கொடுத்தாள்.

கொடுத்துவிட்டு வணங்கினாள்.

அவன் சாக்ஸைக் கழற்றிவிட்டு மெத்தைத் தரையில் கால் வைத்தான். ஒரு கால் முன்னால். முழங்கை பூட்டியது. கண்கள் திறந்தே இருந்தன.

முதல் அடி. கை வந்தது, பலகை ஒரு நூல்கூட நகரவில்லை, ஆனால் உடையவில்லை.

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனால் இந்த முறை கண்ணை மூடாமல் இருந்ததால் ஜெகதீஷ் பார்த்திருந்தான். பலகையைத் தொடும் நொடியில் அவள் கை தயங்கியது. அவனுக்கு அதிர்ச்சி தாங்குமோ, மணிக்கட்டு நோகுமோ என்று அவள் பலத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அவன் செய்த தவறையே இன்று அவள் செய்கிறாள்.

அன்பு இப்படித்தான் சில வேளை நம்மை ஏமாற்றிவிடுகிறது. விட்டுக்கொடுப்பதுதான் கருணை என்று நினைத்துக்கொள்கிறோம். எதிரே நிற்பவர் முழு மனதோடு அடிக்கலாம் என்னும்படி உறுதியாக நிற்பதும் ஆண்டவன் நமக்குக் கொடுத்த கருணைதான்.

"பிரவீ," என்றான். "எனக்காக நிறுத்தாத. நான் எங்கயும் போகல. அடி."

அவள் அவனைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. பதினெட்டு வருட இல்லறத்தில் அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. இப்படி ஒரு குரல் இவளுக்குள் இருந்ததா என்று நினைப்பதற்குள் பலகை இரண்டாகியிருந்தது. ஒரு துண்டு அவன் இடது கையில். ஒரு துண்டு வலது கையில்.

"அக்கா!" என்று துஷாந்த் கத்தினான். கத்தியது ஒழுங்கு மீறல் என்று உடனே உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

எல்லோரும் சிரித்தபோது மாஸ்டர் ஹான் மட்டும் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து கறுப்புப் பட்டையை எடுத்தார். பொன் நூலில் பிரவீணாவின் பெயர் கொரிய எழுத்தில் தைக்கப்பட்டிருந்தது. அது ஒரே நாளில் தைத்ததாக இருக்க முடியாது. மே மாதத்திலிருந்தே காத்திருந்த பட்டை. பழைய சிவப்புப் பட்டையைத் தன் கையாலேயே அவிழ்த்து, புதியதைக் கட்டி, முடிச்சை இறுக்கினார். பிறகுதான் அவர் கண்கள் கலங்கியதை எல்லோரும் கண்டார்கள்.

பிரவீணா ஜெகதீஷிடம் வந்தாள்.

"கை வலிக்குதாங்க?"

"இல்ல. உனக்கு?"

விரல்களை விரித்துக் காட்டினாள். ஒரு சிவப்புகூட இல்லை.

"அடுத்த வாரம் பாஸ்கர் வீட்டுக்குப் போகணும்," என்றான் ஜெகதீஷ். "தீபாவளிக்கு வந்தவங்க எல்லாரையும் கூப்பிடச் சொல்லப் போறேன். ஒரு விஷயத்தைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"வேணும். முதல்ல அது கராத்தே இல்லன்னு சொல்லணும்."

அவள் சிரித்தாள். தீபாவளி அன்று சிரித்ததைப் போல இல்லை. பிறகு, "ப்ரியா எங்க?" என்று கேட்டாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடம் கலைந்துகொண்டிருந்தது. பின் மூலையில், உடைந்த பலகைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த லக்ஷ்மிப்ரியாவின் முன்னால் மாஸ்டர் ஹான் நின்றிருந்தார்.

இளையவர்தான் முதலில் வணங்க வேண்டும். இந்தக் கூடத்தில் அதற்கு விலக்கே கிடையாது என்று ஜெகதீஷுக்கே இன்று தெரிந்திருந்தது.

ஆனால் மாஸ்டர் ஹான் கைகளை இரு பக்கமும் ஒட்டிவைத்துக்கொண்டு, பச்சைப் பட்டையோடு நின்றுபோன அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் முன்னால், இடுப்பு வரை குனிந்து வணங்கினார். மன்னிப்புக் கேட்பவரைப் போல நிமிராமல் நின்றார்.

பிரவீணாவின் விரல்கள் கணவனின் முழங்கையைப் பற்றின.

"என்னங்க," என்றாள் மூச்சுக்குரலில். "அவங்க யார் முன்னாலயும் அப்படிக் குனிஞ்சு நான் பார்த்ததே இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னால இவ நின்னப்போ இங்க என்ன நடந்துச்சு?"